துறை மன்றத்தில் சேரலாமா, செயலாளர் பொறுப்பை ஏற்கலாமா?

கேள்வி இதுதான்: "பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் மாணவர் மன்றம் ஒன்று பெயரளவில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு விழா நடத்துகிறார்கள், வந்தவர்களுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அடுத்த ஆண்டு என்னைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள். இதனால் உண்மையில் பயன் உண்டா? படிப்பு கெடாதா? ஏற்றுக்கொண்டால் எப்படி நடத்துவது?"

துறை மன்றங்களுக்கு நீண்ட காலம் பொறுப்பாசிரியராக இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு விழா மட்டும் நடத்தும் மன்றத்தால் உங்களுக்குப் பெரிய பயனும் இல்லை, பெரிய கேடும் இல்லை. அரங்கம் பதிவு செய்யவும், சிறப்பு விருந்தினருக்குக் கடிதம் எழுதவும், நன்றியுரையில் யார் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொள்வீர்கள். அவையும் திறமைகள்தாம். ஆனால் அவற்றைக் கற்க இயற்பியல் மன்றம், பொருளியல் மன்றம் என்றெல்லாம் பெயர்ப்பலகை மாட்ட வேண்டியதில்லை. எந்த விழாக்குழுவிலும் கற்கலாம்.

துறை மன்றம் இருப்பது வேறு காரியத்துக்காக. வகுப்பில் ஆசிரியர் எடுப்பது முடிந்த பாடம். தேர்வில் நீங்கள் எழுதுவது முடிந்த விடை. இளநிலை ஆய்வகத்தில் செய்யும் சோதனைக்கும் முடிவு முன்கூட்டியே தெரியும். பாதியில் நிற்கும் ஒரு யோசனையை, "இங்கே மாட்டிக்கொண்டேன், இதற்கு மேல் போகத் தெரியவில்லை" என்று மதிப்பெண் பயம் இல்லாமல் நாலு பேர் முன்னால் வைக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் எங்கே இருக்கிறது? அந்த இடத்தைத் தருவதுதான் மன்றத்தின் வேலை. அதைச் செய்தால் அது நல்ல மன்றம். செய்யாவிட்டால், எத்தனை பிரமாண்டமான விழா நடத்தினாலும், உங்கள் நேரத்தை அதற்குக் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1823இல் பிளினியன் சங்கம் என்று ஒன்று தொடங்கியது. இயற்கை அறிவியலில் ஆர்வமுள்ள மாணவர்கள் கூடிக் கட்டுரை படிப்பார்கள், பிறகு விவாதிப்பார்கள். 1826 நவம்பரில் மருத்துவ மாணவர் ஒருவர் அதில் சேர்ந்தார். மருத்துவப் பாடம் அவருக்கு ஒட்டவில்லை, ஆனால் கடற்கரையில் பொறுக்கிய உயிரினங்களை நுண்ணோக்கியில் பார்ப்பதில் அவருக்கு அலுப்பே வராது. 1827 மார்ச் 27 அன்று, தம் 18ஆம் வயதில், அந்தச் சங்கத்தில் இரண்டு சிறிய கண்டுபிடிப்புகளைச் சொன்னார். பிளஸ்ட்ரா என்னும் கடலுயிரியின் முட்டை என்று கருதப்பட்டவை உண்மையில் தாமாக நீந்தும் இளவுயிரிகள் என்பது ஒன்று. சிப்பி ஓடுகளில் ஒட்டிக் கிடக்கும் கறுப்பு உருண்டைகள் கடற்பாசியின் இளம்பருவம் அல்ல, ஒருவகை அட்டையின் முட்டைக்கூடுகள் என்பது மற்றொன்று. அவர் பெயர் சார்லஸ் டார்வின். படிப்பை முடிக்காமலே அடுத்த மாதம் எடின்பரோவை விட்டுப் போய்விட்டார். கல்லூரிப் பதிவேட்டின் கணக்கில் அவர் தேறாத மாணவர். அந்தச் சிறிய சங்கத்தின் குறிப்பேட்டில்தான் அவருடைய முதல் அறிவியல் உரை பதிவாகியிருக்கிறது.

அதே கூட்டத்தில் இன்னொரு மாணவர், மனம் என்பது மூளையின் அமைப்பிலிருந்து வருவதுதான் என்ற பொருளில் பேசினார். பெரிய வாக்குவாதம் கிளம்பியது. யாரோ குறிப்பேட்டில் அந்தப் பகுதியையே அடித்துவிட்டார்கள். அடித்ததால்தான் அந்தப் பேச்சு இன்றுவரை பேசப்படுகிறது என்பது வேறு விஷயம். கூட்டக் குறிப்பு எழுதுவது பற்றிப் பின்னால் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெயரைக் காட்டி மயக்குகிறேன் என்று தோன்றலாம். அவர் பின்னாளில் யாரானார் என்பதை விட்டுவிடுங்கள். அன்றைக்கு அவர் துறை மாறி வந்து உட்கார்ந்த ஒரு முதிராத மாணவர். மன்றங்களின் வரலாற்றில் இந்த "துறை மாறி வந்தவர்" திரும்பத் திரும்ப வருகிறார். எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு செவ்வகத்தைச் சதுரங்களாக வெட்ட வேண்டும், எந்த இரண்டு சதுரமும் ஒரே அளவில் இருக்கக்கூடாது. முடியுமா? முடியும். அகலம் 32, நீளம் 33 உள்ள செவ்வகத்தை 1, 4, 7, 8, 9, 10, 14, 15, 18 என்ற பக்க அளவுள்ள ஒன்பது சதுரங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டிப் பாருங்கள், 1056 வரும். 32ஐ 33ஆல் பெருக்கினாலும் அதுவே. சரி, செவ்வகத்துக்குப் பதிலாக ஒரு சதுரத்தையே இப்படி வெட்ட முடியுமா? 1930களின் நடுவில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் மாணவர் கணிதச் சங்கத்தில் பழகி நண்பர்களான நாலு பேரைப் பிடித்துக்கொண்ட கேள்வி இது. புரூக்ஸ், ஸ்மித், ஸ்டோன் மூவரும் கணித மாணவர்கள். நாலாமவர் டட், வேதியியல் மாணவர். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி, தேர்வில் வராத கேள்வி, தீர்த்தாலும் எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரப்போவதில்லை. 1936 முதல் 1938 வரை அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கண்ட வழி அழகானது. செவ்வகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் ஒரு மின்சுற்றின் முனையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கும் ஒவ்வொரு சதுரமும் அந்த முனைகளை இணைக்கும் ஒரு கம்பி. சதுரத்தின் பக்க அளவுதான் கம்பியில் ஓடும் மின்னோட்டம். இப்போது வெட்டும் புதிர், கிர்க்காஃப் விதிகளால் தீர்க்கக்கூடிய மின்சுற்றுக் கணக்காகிவிட்டது. சதுரத்தையும் வெட்ட முடியும் என்று காட்டினார்கள். கட்டுரை 1940இல் வந்தது. ஜெர்மனியில் ஒருவர் 1939இல் ஒரு விடையை வெளியிட்டு முந்திக்கொண்டார், அதனால் என்ன? இவர்களுடைய முறை வலைப்பின்னல்களைப் பற்றிய கணிதத்துக்கே புதுக்கதவு திறந்தது. வேதியியல் மாணவராக வந்த டட், 1940இன் கடைசியில் கணிதத்துக்கு மாறினார், பிறகு போர்க்காலத்தில், எதிரிகளின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியரின் லோரென்ஸ் குறியீட்டு இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலே அதன் உள்ளமைப்பைக் கணித்துச் சொன்னார். வேதியியல் மன்றத்துக்கு மட்டுமே போயிருந்தால் அந்த நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் புடாபெஸ்டில் பெயர்ப்பலகை, பதிவு எதுவும் இல்லாமல் ஒரு மாணவர் கூட்டம் நகரப் பூங்காவில் ஒரு சிலையடியில் கூடிக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தது. எஸ்தர் க்ளைன் என்ற இயற்பியல் மாணவி ஒரு கேள்வி கேட்டார். எந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் இல்லாதபடி ஐந்து புள்ளிகளை எப்படி வைத்தாலும், அவற்றில் நாலு ஒரு குவிந்த நாற்கரத்தை (எந்த மூலையும் உள்நோக்கிக் குழியாத நாற்கரத்தை) அமைத்தே தீரும், இதைப் பெரிய எண்ணிக்கைக்கும் நிறுவ முடியுமா என்பது கேள்வி. ஒரு தாளில் ஐந்து புள்ளி வைத்து நீங்களே முயன்று பாருங்கள், தப்பிக்க முடியாது. விடை கண்டவர்களில் ஒருவர் எர்டோஸ். இன்னொருவர் செகெரெஷ், அவர் வேதிப்பொறியியல் படித்தவர். கட்டுரை 1935இல் வந்தது, 1937இல் க்ளைனும் செகெரெஷும் திருமணம் செய்துகொண்டார்கள். மன்றம் என்றால் பதிவெண், லெட்டர்பேட், முத்திரை என்று நினைப்பவர்கள் இந்தச் சிலையடியை நினைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் மன்றத்துக்கு வருவோம். அது நல்ல மன்றமா என்று தெரிந்துகொள்ள விழா நாளில் போய்ப் பார்க்காதீர்கள், விழா நாளில் எல்லா மன்றமும் நன்றாகத்தான் தெரியும். கடந்த மாதம் அங்கே யார் பேசினார், எதைப் பற்றி, பேசியபின் என்ன கேள்வி வந்தது என்று ஓர் உறுப்பினரிடம் கேளுங்கள். பேசியவர் மாணவராக இருந்து, கேள்வியை அந்த உறுப்பினர் நினைவிலிருந்து சொன்னால் தயங்காமல் சேருங்கள். "எங்கள் பக்கத்தில் போட்டோ போட்டிருக்கிறோம், பாருங்கள்" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மன்றம் இரண்டாவது வகை. ஆனாலும் செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையுடன். விழாவை ஆண்டு முழுதும் செய்யும் வேலையாக ஆக்கமாட்டேன் என்று முதல் குழுக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக வாராந்தரக் கூட்டம் ஒன்றை வையுங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே அறை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அறை சிறியதாக இருக்கட்டும். முப்பது பேர் உட்காரும் அறையில் எட்டுப் பேர் வந்தால் கூட்டம், இருநூறு பேர் அரங்கத்தில் அதே எட்டுப் பேர் வந்தால் அவமானம்.

பேச்சு நீளக்கூடாது. கேம்பிரிட்ஜின் தத்துவ மன்றமான மாரல் சயன்சஸ் கிளப்பில் 1912 நவம்பரில் விட்கென்ஸ்டைன் "தத்துவம் என்பது என்ன?" என்று ஒரு கட்டுரை படித்தார். அது ஏறத்தாழ நாலே நிமிடம் நீடித்தது என்றும், முந்தைய சாதனையை இரண்டு நிமிடம் குறைத்து முறியடித்தது என்றும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டுரைகள் ஏழு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் அப்போது வந்ததுதான். நீங்கள் அவ்வளவு கெடுபிடி காட்டவேண்டாம், இருபது நிமிடம் கொடுங்கள். ஆனால் மீதி நாற்பது நிமிடத்தைக் கேள்விக்கு விட்டே ஆகவேண்டும். மன்றம் நடப்பது அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

நான் பார்த்த ஒரு நல்ல கூட்டம் இப்படி இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கரும்பலகையில் ஒரு நிறுவலை எழுதிக்கொண்டு போகிறாள். மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறாள். ஸ்லைடு போட்டிருந்தால் அங்கே நிற்காமல் தாண்டிப் போயிருப்பாள், சுண்ணக்கட்டியைப் பிடித்திருப்பதால் தாண்ட முடியவில்லை. பின்வரிசையில் இறுதியாண்டு மாணவர் கையைத் தூக்குகிறார். தலைவர் அவரைப் பொறுக்கச் சொல்லி, முதலாண்டு மாணவனைப் பார்க்கிறார். அவன் தயங்கித் தயங்கி, "முதல் வரியில் அந்த எண் பூச்சியமாக இருந்தால் என்ன ஆகும்?" என்கிறான். சரியான இடத்தில் கைவைத்துவிட்டான். அந்த எண் பூச்சியம் ஆகாது என்பதற்குக் காரணம் சொல்லத் தெரியாததுதான் அவளை மூன்றாவது வரியில் நிறுத்தியிருக்கிறது. அடுத்த பதினைந்து நிமிடம் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் பலகையருகே நிற்கிறார்கள்.

இதில் இரண்டு விதிகள் ஒளிந்திருக்கின்றன. முதல் கேள்வி எப்போதும் இளையவருக்கு. ஸ்லைடு வேண்டாம், அல்லது படத்துக்கு மட்டும். மூன்றாவது விதி ஆசிரியர்களுக்கு: பொறுப்பாசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து, கேள்வி நேரத்தின் முதல் பாதியில் வாயைத் திறக்கக்கூடாது. சொல்வது எளிது, செய்வது கடினம். ஆசிரியர் ஒருவர் விடையைச் சொல்லிவிட்டால் அத்தோடு அந்த அறையில் யோசனை நின்றுவிடும். உங்கள் பொறுப்பாசிரியரிடம் இதை நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், மன்ற விதியாக எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வெளியிலிருந்து பேச்சாளரை அழைப்பது தவறில்லை. ஆனால் மாதம் ஒருவருக்கு மேல் வேண்டாம். அவரிடம் "உங்கள் சாதனைகளைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்காமல், "உங்கள் வேலையில் இன்னும் விடை கிடைக்காத ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேளுங்கள். எத்தனை பேர் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள் என்று பார்த்து வியப்பீர்கள்.

கையால் செய்யும் வேலை உள்ள துறைகளில் கூட்டத்தைவிடப் பட்டறை முக்கியம். அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில், பொம்மை ரயில் ஓடும் மேசைக்கு மேலே ஒரு கூட்டம் மலையும் வீடும் செய்துகொண்டிருந்தது. மேசைக்குக் கீழே இன்னொரு கூட்டம் டெலிபோன் நிலையத்துப் பழைய ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை) வைத்து, தண்டவாளங்களை இயக்கும் சுற்றுகளைப் பின்னிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்கள்தான் பல்கலைக்கழகத்துக்குக் கணினி வந்ததும் இரவெல்லாம் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். 1962இல் அந்த வட்டாரத்திலிருந்து வந்த 'ஸ்பேஸ்வார்', உலகின் முதல் கணினி விளையாட்டுகளில் ஒன்று. மன்றத்தின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்த மாணவர் மன்றத்துக்கும் ஒரு பிறவி நோய் உண்டு. மூன்று அல்லது நாலு ஆண்டில் உறுப்பினர் எல்லோரும் போய்விடுகிறார்கள். வேறு எந்த அமைப்பும் தன் ஆட்களை இப்படி அடியோடு இழப்பதில்லை. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து மாணவர்களின் ராக்கெட் குழு 2005இல் தொடங்கியது. விண்வெளியைத் தொடும் நோக்கத்தோடு 2013இலும் 2014இலும் ஏவியவை தோற்றன. 2019 ஏப்ரலில் டிராவலர்-4 என்ற ராக்கெட் விண்வெளியின் எல்லையாகக் கருதப்படும், 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கார்மன் கோட்டைத் தாண்டியது. முழுக்க மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய ராக்கெட் ஒன்று அதைத் தாண்டியது அதுவே முதல்முறை. தொடங்கியவர் வேறு, தோற்றவர் வேறு, வென்றவர் வேறு. தோற்றவர்கள் ஏன் தோற்றோம் என்பதை எழுதிவைக்காமல் போயிருந்தால், ஒவ்வொரு தலைமுறையும் முதல் வெடிப்பிலிருந்தே தொடங்கியிருக்கும்.

ஆகவே குறிப்பேடு. இதை எத்தனை முறை சொன்னாலும் செயலாளர்கள் கேட்பதில்லை. "கூட்டம் இனிதே நடந்தது, தலைவர் நன்றி கூறினார்" என்று எழுதிய குறிப்பேடு எரிக்கத்தான் உதவும். யார் என்ன கேட்டார், எதற்கு விடை கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். கசப்பான வாக்குவாதம் நடந்தால் அதையும் எழுதுங்கள், பின்னால் அந்த வரிகளை யாரும் அடித்து நீக்க விடாதீர்கள். கடைசிப் பக்கங்களில் அடுத்த செயலாளருக்கான விஷயங்கள்: அறைச்சாவி யாரிடம் இருக்கும், எந்த அலுவலகத்தில் விண்ணப்பம் எத்தனை நாள் கிடக்கும், எந்தப் பேச்சாளர் ஏன் வரமறுத்தார், புரொஜெக்டருக்கு எந்தக் கேபிள் பொருந்தாது. தேர்தலை ஆண்டு இறுதியில் வைக்காமல் அதற்கு முந்தைய பருவத்திலேயே வைத்து, பழைய செயலாளரும் புதியவரும் ஒரு பருவம் சேர்ந்து வேலை செய்யும்படி பாருங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. இரண்டு கையெழுத்து இல்லாமல் காசு எடுக்கக்கூடாது, ரசீது இல்லாத செலவு செலவே அல்ல, தேர்வுக்கு முன்பே கணக்கை முடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். விளம்பரதாரராக வரும் பயிற்சி நிறுவனங்கள் பெரும்பாலும் உறுப்பினர்களின் தொலைபேசி எண்களைக் கேட்கும். கொடுக்காதீர்கள். வாராந்தரக் கூட்டத்துக்குச் சுண்ணக்கட்டியைத் தவிரச் செலவு கிடையாது என்பதும் அதன் ஒரு நன்மை.

ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பு), ஏசிஎம் (கணினியியலாளர்களின் அமைப்பு) போன்றவற்றின் மாணவர் கிளையாக மாறலாமா என்று பலர் கேட்பார்கள். பேச்சாளர் தொடர்பும் போட்டிகளும் கிடைக்கும், ஆண்டறிக்கை வேலையும் சேர்ந்தே வரும். வாராந்தரக் கூட்டம் ஓராண்டு ஓடிய பிறகு யோசியுங்கள். கூட்டமே நடக்காத மன்றத்துக்குக் கிளை எண் கிடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

படிப்பு கெடுமா? உறுப்பினராக வாரம் ஒரு மணி நேரம் போய்வருவதால் யாருடைய படிப்பும் கெட்டு நான் பார்த்ததில்லை. செயலாளருக்கு வாரம் மூன்று, நாலு மணி நேரம் ஆகும். விழா மாதத்தில் அது கணக்கில்லாமல் போகும், வகுப்புகளைத் தவறவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் அந்த மாதத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விழாவை ஒரே நாளாகச் சுருக்குங்கள், தேர்வுக்கு முந்தைய மாதம் மன்றத்தைப் பூட்டிவிடுங்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் "மன்றச் செயலாளர்" என்ற ஒற்றை வரியால் பெரிதாக எதுவும் நடக்காது. நேர்முகத்தில் ஒருவர், "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு, நீங்கள் ஒரு கேள்வியின் கதையைப் பத்து நிமிடம் சொன்னால் நடக்கும்.

மன்றம் உங்களுக்குப் பிறகு நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கும். கேம்பிரிட்ஜில் 1812இல் பாபேஜ், ஹெர்ஷல், பீகாக் என்ற மாணவர்கள் பகுப்பாய்வுச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நுண்கணிதத்தில் நியூட்டனின் புள்ளிக் குறியீட்டைக் கைவிட்டு, ஐரோப்பாவில் மற்றவர்கள் எழுதும் லைப்னிட்ஸின் குறியீட்டுக்குப் பல்கலைக்கழகத்தை மாற்றுவதே நோக்கம். 1813இல் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டார்கள். சங்கம் சில ஆண்டுகள்கூட ஒழுங்காக ஓடவில்லை. ஆனால் அதன் உறுப்பினர்கள் 1816இல் லக்ரோவாவின் பிரெஞ்சுப் பாடநூலை மொழிபெயர்த்தார்கள், பீகாக் 1817இல் தேர்வாளராக வந்ததும் வினாத்தாளிலேயே புதிய குறியீட்டைப் புகுத்திவிட்டார். நோக்கம் நிறைவேறியபின் மூடப்படும் மன்றத்தில் குறை ஒன்றும் இல்லை.

உங்களுக்கு இப்போது தேவை மூன்று பேர். பொறுப்பை ஏற்பதற்கு முன் முதல் மூன்று வாரமும் பேசச் சம்மதிப்பவர்களைப் பிடித்துவிடுங்கள். ஒருவர் உங்கள் வகுப்பிலிருந்து, ஒருவர் முதலாண்டிலிருந்து, ஒருவர் வேறு துறையிலிருந்து. முதல் வாரம் நீங்களே பேசாதீர்கள், செயலாளர் பேசினால் மற்றவர்கள் அதைத் தொடக்கவுரை என்று எண்ணிக் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று பேரும் கிடைக்காவிட்டால் ஒரு பருவம் பொறுத்து ஏற்றுக்கொள்ளுங்கள்.